நோயுற்ற மீனும் நமது அறமும்

கொல்லாமையைத் தலையாய அறமாகப் போற்றும் நம்மவர் இல்லங்களிலும் இன்று கண்ணாடித் தொட்டிகளில் வண்ணமீன்கள் நீந்துகின்றன. எம் இல்லத்துச் சிறுவனுக்குப் பிறந்தநாள் பரிசாக ஒரு சண்டைமீன் வந்தது. கடைகளில் ‘ஃபைட்டர்’ என்றும் ‘பெட்டா’ என்றும் விற்கப்படும் இம்மீன் தாய்லாந்து முதலிய நாடுகளின் நன்னீர்நிலைகளுக்கு உரியது. சில திங்களில் அதன் நீண்ட துடுப்புகள் ஓரம் கருத்து, கிழிந்து, தேயத் தொடங்கின. துடுப்பழுகல் என்னும் அந்நோய் கிருமிகளால் வருவது. மருந்து வாங்கி வந்தபோது இல்லத்து மூதாட்டியார், “ஓருயிரைக் காக்க எண்ணிறந்த உயிர்களைக் கொல்லலாமோ?” என வினவினார்.

மருந்தைத் திறக்குமுன் நோயின் காரணத்தை ஆராய்ந்தோம். இம்மீன் நீரின் மேற்பரப்பிற்கு வந்து காற்றையும் சுவாசிக்க வல்லது. அதனால் சிறு குடுவையே போதும் என்று விற்போர் கூறுவர், நாமும் நம்பினோம். ஆனால் மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய உணவிலிருந்தும் தோன்றும் அம்மோனியா, சிறிதளவு நீரில் விரைவில் நஞ்சாகத் திரண்டுவிடும். அந்நஞ்சால் நலிந்த உடலையே கிருமிகள் பற்றுகின்றன. பெரிய தொட்டிக்கு மாற்றினோம். குளோரின் நீக்கிய தூய நீரை நாள்தோறும் ஒரு பகுதி மாற்றி ஊற்றினோம். சில வாரங்களில் துடுப்பின் ஓரத்தில் கண்ணாடி போன்ற புதிய விளிம்பு அரும்பியது. மருந்து தேவைப்படவில்லை.

ஆயினும் மூதாட்டியாரின் வினா எம்மை விடவில்லை. நோய் தணியாதிருந்தால் என் செய்வது?

மருந்து அளிப்பதே முறை என்பது எம் துணிபு. மீன் ஐயறிவுயிர், துன்பத்தை முழுதும் உணர்வது. நுண்கிருமிகளோ ஓரறிவுயிர்களுள் வைத்து எண்ணத்தக்கவை. இல்லறத்தார் ஏற்கும் அணுவிரதம் இயங்கும் உயிர்களைக் கருதிக் கொல்லுதலை விலக்குகிறது. ஓரறிவுயிர்க்கு நேரும் தீங்கைத் தேவையின் எல்லைக்குள் நிறுத்தச் சொல்கிறது. ஆதலின் வேண்டிய மருந்தை, வேண்டிய அளவில், வருந்தும் உள்ளத்தோடு அளிக்கலாம். நாமே அடைத்து வைத்த உயிர் நம் கண்முன் அழுகுவதைப் பார்த்திருந்துவிட்டு, அதனைக் கொல்லாமை என்று கூறிக்கொள்ளுதல் தகாது.

இதனினும் ஆழ்ந்த குறை ஒன்று உண்டு. கவனக்குறைவோடு கூடிய செயலால் உயிரை வருத்துதலே ஹிம்சை என்று தத்துவார்த்த சூத்திரம் வரையறுக்கிறது. கொல்லாமை விரதத்திற்கு அது கூறும் ஐந்து அதிசாரங்களுள் முதலாவது, உயிரைக் கட்டி அடைத்து வைத்தல். நம் ஐயமெல்லாம் மருந்துப் புட்டியைப் பற்றியதாக இருந்தது. பழியோ குடுவையில் இருந்தது. கிருமிக்கு இரங்கிய நாம், மீனைச் சிறைப்படுத்தியபோது ஒரு கணமும் தயங்கவில்லை.

இனி அதனைக் குளத்தில் விடுதலும் தீர்வன்று. பிறநாட்டு மீன் நம் நீர்நிலை உயிர்களுக்கு இடர் செய்யக்கூடும். அதன் ஆயுள் உள்ளவரை நன்கு பேணுவதே நம் கடன். அதிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு: இம்மீன் புழுபூச்சிகளை உண்டு வாழ்வது, கடையில் கிடைக்கும் உலருணவும் பெரும்பாலும் மீன்தூள் கலந்ததே. ஓருயிரை வாங்கிய கணத்திலேயே இத்தனை தீங்குகளுக்கும் நாம் பொறுப்பேற்றுக்கொள்கிறோம்.

எனவே இருக்கும் மீனைக் காப்போம், இன்னொன்றை வாங்காதிருப்போம். குழந்தைகளுக்குப் பரிசளிக்கும்போது உயிரைப் பொருளாக அளியாதிருப்போமாக.