ஒரு டிஸ்க் போனால் எது போகிறது?

இரத்மலானைத் திருநந்தீஸ்வரமானாலும் கொட்டாஞ்சேனைக் கோயில்களானாலும், திருப்பணிக்கென்று கருவறையில் கை வைப்பதற்கு முன் நடந்தே தீரவேண்டிய கிரியை ஒன்று உண்டு. மூலமூர்த்தியிடம் விளங்கும் தெய்வ சாந்நித்தியத்தை மந்திரத்தால் கும்பத்தில் எழுந்தருளச் செய்வார்கள். இதற்குக் கலாகர்ஷணம் என்று பெயர். பாலாலயம் என்னும் தற்காலிகச் சந்நிதியில் நித்திய பூசை தொடங்கிய பிறகுதான் உள்ளே உளிச்சத்தம் கேட்கும். மூர்த்தியைப் பீடத்தோடு பிணைத்து இப்போது இளகிவிட்ட அஷ்டபந்தனத்தை மாற்றுவதும் பின்னமான திருமேனியை எடுப்பதும் அதற்குப் பின்பே. வரிசையைப் புரட்டிப் போட ஆகமம் இடம் தராது.

அதே ஊர்களில் தொழிற்சாலைக் கணக்குகளைத் தாங்கும் சர்வரைப் பார்த்துக்கொள்கிற பொறியியலாளருக்கும் இதுவே விதி. பழையதைப் பிடுங்குவதற்கு முன், அதில் உள்ளது வேறோர் இடத்தில் உயிரோடு இருக்க வேண்டும்.

பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் ரெய்ட் முறைக்குப் பெயரிட்டு இலக்கணம் வகுத்தவர்கள் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ரேண்டி காட்ஸ் ஆகிய மூவர். பெர்க்லியில் இருந்த அவர்களின் கட்டுரை 1988இல் வந்தது. அதன் உயிர்நாடி எளிய கணக்கு. மூன்று டிஸ்க்குகளில் முறையே 1, 0, 1 என்று எழுதியிருக்கிறது. மொத்த ஒன்றுகள் இரட்டைப்படையாக வரும்படி நான்காவதில் 0 எழுதப்படும். மூன்றாவது டிஸ்க் செத்துவிட்டது என்று வையுங்கள். மிஞ்சியவை 1, 0, 0. ஒற்றைப்படையாக இருப்பதால் போனது 1தான். செத்த டிஸ்க்கைத் தொடாமலே, அதில் இருந்ததை மற்ற மூன்றும் சேர்ந்து சொல்லிவிடுகின்றன.

ஆனால் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். இன்றைய பெரிய டிஸ்க்கை மறுபடி நிரப்பப் பல மணி நேரம், சிலவேளை நாட்கள்கூட ஆகும். அவ்வளவு நேரமும் மற்ற டிஸ்க்குகள் முழுவதுமாக வாசிக்கப்படும். அவையும் பெரும்பாலும் ஒரே நாளில் வாங்கிய, ஒரே வயதுடையவை. ஆகவே அனுபவசாலி அவசரப்படமாட்டார். முதலில் வெளியே ஒரு காப்புப் பிரதி இருக்கிறதா என்று பார்ப்பார். பழுதான டிஸ்க்கின் தொடர் இலக்கத்தைத் திரையில் ஒருமுறையும், டிஸ்க்கின் மேல் ஒட்டியுள்ள சீட்டில் ஒருமுறையும் ஒப்பிடுவார். ஏற்கெனவே ஒன்று நின்றுபோன நிலையில் நல்ல டிஸ்க்கை மாற்றி இழுத்துவிட்டால் முழுத் தொகுதியும் படுத்துவிடும். தேய்ந்த டிஸ்க் இன்னும் ஓடுகிறதென்றால், அதைக் கழற்றாமலே புதியதைப் பக்கத்தில் பொருத்திப் பிரதியெடுக்கவும் வழி உண்டு. அதுவே பாதுகாப்பான வழி.

ஆண்டுகள் போகப் போக எல்லா டிஸ்க்குகளும் ஒவ்வொன்றாக மாறிவிடும். பழைய இரும்பில் ஒரு துண்டுகூட மிஞ்சாது. கணக்குகள் அப்படியே இருக்கும். இப்போது இருப்பது அதே தொகுதியா, வேறொன்றா?

இலங்கைப் பௌத்தர் நன்கறிந்த மிலிந்த பஞ்ஹா என்னும் நூலில் துறவி நாகசேனர் இந்தக் கேள்வியைத் தேரை வைத்துத் தீர்க்கிறார். சக்கரமும் தேரல்ல, அச்சும் தேரல்ல. சேர்ந்து நிற்பதற்கு இட்ட பெயரே தேர். மனிதனும் அவ்வாறே என்பார். தமிழ்ச் சைவம் இதை ஒப்பவில்லை. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பௌத்தத்தின் நான்கு பிரிவுகளையும் எடுத்து மறுக்கிறார். கணந்தோறும் எல்லாம் அழியுமானால் வினை செய்தவன் யார், அதன் பயனை நுகர்பவன் யார் என்பது சைவ சித்தாந்தம் விடாமல் கேட்கும் கேள்வி.

ரெய்ட் பெட்டியைப் பொறுத்தவரை நாகசேனரே சரி. இறந்த டிஸ்க்கின் தரவு தனியாக எங்கும் ஒளிந்திருக்கவில்லை. மற்றவற்றின் உறவில் இருந்தது. ஆனால் அந்த வெற்றியை மனிதன்மீது ஏற்றுவது தவறு. தரவு இடம் மாறுவதில்லை, பிரதியாகிறது. புதிய டிஸ்க்கிலும் இருக்கும், பழையதிலும் இருக்கும், இரண்டும் சமம். ‘நான்’ என்று உணரும் உயிரை அப்படி இரண்டாக்கிவிட்டு இரண்டும் ஒருவரே என்று சொல்ல முடியுமா? அதனால்தான் சித்தாந்தத்தின் கேள்விக்கு இன்னும் வலு இருக்கிறது.

பிரதிகளே இல்லாதபோது என்ன ஆகும் என்பதை ஈழத்தமிழருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1981 மே 31 இரவு தொடங்கி எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் அவற்றுள் இருந்தன. ஒரே கூரையின் கீழ் இருப்பதை எத்தனை டிஸ்க்குகளில் பரப்பினாலும் தீயிலிருந்து ரெய்ட் காப்பாற்றாது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவில் சேர்த்து எவரும் படிக்கத் திறந்துவைத்திருப்பது அந்த வகையில் பெரும்பணி. இறக்கி வைத்திருக்கும் ஒவ்வொரு வாசகரிடமும் இன்னொரு படி இருக்கிறது.

கோயிலையும் சர்வரையும் கடைசியில் பிரிப்பது பழையதைக் கையாளும் விதம். சாந்நித்தியம் நீங்கிய பின்னமான கற்றிருமேனியை விதிப்படி நீரில் விடலாம். கழற்றிய டிஸ்க்கிலிருந்தோ எதுவும் நீங்கிப் போகவில்லை. ஊழியர்களின் சம்பளமும் அடையாள அட்டை இலக்கமும் அதில் வாசிக்கக்கூடியபடி இன்னும் கிடக்கலாம். பழைய இரும்புக் கடைக்குப் போவதற்கு முன் அதை முழுவதும் அழித்தெழுத வேண்டும், அல்லது உள்ளிருக்கும் தட்டுகளைத் துளைத்துவிட வேண்டும்.