முடியின் சாட்சி

பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்று பாண்டியனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. தருமியின் கைக்கு வரவிருந்த பொற்கிழியை நக்கீரர் தடுத்த கதை நமக்குத் தெரியும். நெற்றிக்கண்ணுக்கும் அஞ்சாமல் நின்ற அவருடைய நெஞ்சுரத்தைப் போற்றாதவர் இல்லை. நானும் போற்றுகிறவன்தான். ஆனால் கதையில் ஓரிடம் உறுத்துகிறது. ஞானப்பூங்கோதையின் கூந்தலுக்கும் இயற்கை மணம் கிடையாது என்று அடித்துச் சொல்கிறாரே, அந்தக் கூந்தலை அவர் கண்டதுண்டா? தாம் அறிந்த எல்லைக்கு அப்பாலும் போய்ச் சாட்சி சொல்லிவிட்டார் புலவர்.

நம் காலத்து நிபுணர்கள் செய்ததும் இதைத்தான். கொலை நடந்த இடத்தில் அகப்பட்ட முடியை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால், மனித முடியா விலங்கின் ரோமமா, சாயம் ஏறியதா, வேரோடு பிடுங்கியதா என்றெல்லாம் சொல்லலாம். இன்னாருடையது என்று மட்டும் சொல்ல முடியாது. ‘ஒத்திருக்கிறது’ என்பதோடு அந்தக் கண்ணாடியின் வேலை முடிந்தது. ஆனால் கோர்ட்டில் கூண்டேறியதும் ‘ஒத்திருக்கிறது’ என்பது ‘அவனுடையதுதான்’ என்று ஆகிவிடுகிறது. 1978-ல் வாஷிங்டனில் நடந்த ஒரு கொலைக்காக சாண்டே டிரிபிள் என்ற இளைஞர் சிறைக்குப் போனார். முகமூடியாகப் போட்டிருந்த காலுறையில் 13 முடிகள் கிடைத்தன. அவற்றில் ஒன்று அவருடையதோடு ஒத்தது என்றார்கள். 2012-ல் டி.என்.ஏ. சோதனை நடந்தது. ஒன்றுகூட அவருடையதல்ல. ஒன்று நாயின் ரோமம்! அவர் சிறையில் கழித்ததோ ஏறத்தாழ 28 ஆண்டுகள். முடியைக் காட்டிக் குற்றம் சாட்டிய 268 விசாரணைகளை ஆராய்ந்ததில், 257-ல் தங்கள் நிபுணர் சாட்சியம் பிழையானது என்று எஃப்.பி.ஐ.யே 2015-ல் ஒப்புக்கொண்டது.

மனிதத் தலையிலிருந்து நாளொன்றுக்கு ஐம்பதிலிருந்து நூறு முடி உதிர்கிறது. ஆடி அமாவாசையில் சுருளியில் ஆயிரக்கணக்கானோர் தலை முழுகுகிறார்கள். அந்தப் பாறைகளில் யாருடைய முடிதான் ஒட்டியிராது?

சுருளி என்றதும் அல்லிநகரத்துக்காரர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். அங்கே காட்டில் 2011 மே மாதம் ஓர் இளம் ஜோடி கொல்லப்பட்டது. கைதானவருக்கு 2018-ல் தேனி நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது. 2019-ல் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை அதை உறுதி செய்தது. 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் அவரை விடுதலை செய்தது. இங்கே பிரச்சினை முடியல்ல, டி.என்.ஏ. மாதிரி. அது யார் கையில் இருந்தது, ஏன் தாமதமாயிற்று என்பதற்குச் சரியான கணக்கில்லை. கலப்பு நேர்ந்திருக்கலாம் என்ற ஐயம் தீரவில்லை. இனி மாதிரிகள் 48 மணி நேரத்துக்குள் ஆய்வுக்கூடம் சேர வேண்டும், கைமாறும் விவரம் பதிவேட்டில் ஏற வேண்டும் என்று நாடு முழுமைக்கும் உத்தரவாயிற்று.

“ஒரு ரிஜிஸ்தர் சரியில்லை என்பதற்காகக் கொலைவழக்கில் விடுதலையா?” என்று கேட்பவர்கள் உண்டு. பிள்ளைகளைப் பறிகொடுத்த வயிறு அப்படித்தான் கேட்கும். அதைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. ஆனால் தேனிச் சந்தையில் தையல் பிரிந்த மூட்டையை எந்த வியாபாரியும் மறுபடி நிறுத்துப் பார்க்காமல் வாங்க மாட்டானே! பருத்திக்கு உள்ள அந்த ஜாக்கிரதை ஒரு மனிதனின் கழுத்துக்கு வேண்டாமா? மாதிரியை அலட்சியமாகக் கையாண்டவர்கள் இறந்தவர்களுக்கும் துரோகம் செய்தார்கள், கூண்டில் நின்றவருக்கும் செய்தார்கள். அவர் தூக்குக் கயிற்றின் நிழலில் ஏழு வருஷம் இருந்தார். அந்த இருவரைக் கொன்றது யார் என்பதற்கு, பதினான்கு ஆண்டுகள் கழிந்தும், அந்தத் தீர்ப்பில் விடை இல்லை.