கூறையும் தராசும்

சிவமயம்



தைமாத முகூர்த்தங்களுக்கு இங்கு வாழும் எமது குடும்பங்கள் ஆயத்தமாவது ஐப்பசியிலேயே தொடங்கிவிடும். மண்டபம், மணவறை, சமையல், படப்பிடிப்பு என்று ஒவ்வொன்றாகப் பேசி முடித்து, கடைசியில் எல்லோரும் வந்து நிற்பது புடைவைக் கடையில்தான். ஈஸ்ற்ஹாம், ரூட்டிங், வெம்பிளி என்று சனிக்கிழமைகளில் அலைகிறோம். அதுவும் போதாதென்று, காஞ்சிபுரத்துக் கடைக்காரர் காலை பத்து மணிக்குக் கடை திறந்து கைத்தொலைபேசியில் விரித்துக் காட்டும் சேலைகளைப் பார்ப்பதற்கு, இலண்டனிலே விடியற்காலை நாலரை மணிக்கு எழும்பி இருக்கிறோம்.

இதைக் குறை சொல்வதற்காக இங்கு எழுதவில்லை. அம்பாளுக்குப் பட்டுச் சாத்தி அழகு பார்க்கும் சமயம் எங்களுடையது. ஒரு துணியில் எவ்வளவு அன்பை வைக்கலாம் என்பதையும், எதை எந்தத் துணியிலும் வைத்துவிட முடியாது என்பதையும் இம்முறை அடியார்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறோம்.

எமது திருமணச் சடங்கிலே கூறைக்கு உள்ள இடம் வேறெந்த ஆடைக்கும் இல்லை. மணமகள் தன் வீட்டார் எடுத்த சேலையுடன் மணவறைக்கு வருகிறாள். மணமகன் வீட்டார் கொண்டுவந்த கூறையும் தாலியும் ஒரே தட்டத்தில் வைத்துப் பூசிக்கப்படுகின்றன. பின்னர் அத்தட்டம் சபையைச் சுற்றி வருகிறது. முன்வரிசையில் இருப்பவரும், பிந்தி வந்து வாசலோரம் நிற்பவரும் அதைத் தொட்டு ஆசி கூறுகின்றனர். அதன் பின்பே கூறை மணமகளின் கைக்குப் போகிறது. அவள் உள்ளே சென்று அதை உடுத்து வந்த பின்பே தாலி ஏறுகிறது. ஆக, கடையிலே நாம் காசு கொடுத்து வாங்குவது பட்டுச் சேலையை மட்டுமே. அதைக் கூறையாக்குவது சபையோரின் கைகள்.

கூறை என்பது ஆடையைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். மயிலாடுதுறையைச் சேர்ந்த கூறைநாடு என்னும் ஊர், பட்டும் பருத்தியும் கலந்து நெய்த மணச்சேலைக்குப் பெயர்பெற்றது. அந்த ஊரோடு சேர்த்துப் போற்றப்படுபவர் நேச நாயனார். காம்பீலி நகரிலே நெசவாளர் குலத்தில் தோன்றிய இவர், மனத்தை இறைவன் திருவடிக்கும், நாவை ஐந்தெழுத்துக்கும் கொடுத்துவிட்டு, கைத்தொழிலால் உடையும் கீளும் கோவணமும் நெய்து அடியார்களுக்கு வழங்கினார் என்று சேக்கிழார் சுவாமிகள் கூறுகின்றார்.

12ஆம் நூற்றாண்டில் எழுந்த பெரியபுராணத்தை நாம் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்கலாம். துணி நெய்தவர் அங்கே நாயனார். துணி வெளுத்தவரும் நாயனார். துணி விற்றவரும் நாயனார். வெளுத்தவர் காஞ்சிபுரத்துத் திருக்குறிப்புத் தொண்டர். குளிர் காலத்திலே மெலிந்த ஓர் அடியவராக, அழுக்கேறிய கந்தையுடன் இறைவன் அவரிடம் வந்தார். பொழுது படுமுன் வெளுத்துத் தருவதாக வாக்குக் கொடுத்துத் தோய்த்தால், மழை பிடித்துக்கொண்டது. கந்தை உலரவில்லை. ஓர் அடியவரைக் குளிரில் விட்டுவிட்டோமே என்று துணி தோய்க்கும் கல்லிலே தலையை மோதப் போனவரின் கையை, அக்கல்லிலிருந்து எழுந்த திருக்கரம் பிடித்துக்கொண்டது. பட்டுக்குப் பெயர்போன காஞ்சியிலே, எம்பெருமான் வந்தது கந்தையோடு!

மூன்றாமவர் அமர்நீதி நாயனார். பழையாறையிலே பொன்னும் மணியும் பட்டும் விற்ற பெரிய வணிகர். திருநல்லூரிலே மடம் அமைத்து, அடியார்க்கு அமுதும் ஆடையும் கொடுத்து வந்தார். ஒரு நாள் ஒரு பிரமசாரி வந்தார். தண்டிலே இரண்டு கோவணங்கள் கட்டியிருந்தன. மழை வந்தாலும் வரும் என்று சொல்லி, ஒன்றை அவிழ்த்துப் பத்திரமாக வைத்திருக்கும்படி கொடுத்து நீராடப் போனார். திரும்பி வந்து கேட்டபோது அது வைத்த இடத்தில் இல்லை. நாயனார் புதியவை எத்தனை வேண்டுமானாலும் தருவதாகச் சொன்னார். வந்தவர் சம்மதிக்கவில்லை. தம்மிடம் எஞ்சியிருந்த கோவணத்தின் எடைக்கு எடை கொடுத்தாற் போதும் என்றார்.

தராசு கொண்டுவரப்பட்டது. ஒரு தட்டில் அந்தச் சிறு கோவணம். மறுதட்டில் நாயனார் கோவணங்களை வைத்தார், தட்டு இறங்கவில்லை. பட்டுகளையும் ஆடைப் பொதிகளையும் அடுக்கினார், இறங்கவில்லை. பொன்னை வைத்தார், மணியை வைத்தார், வீட்டிலிருந்த செல்வமெல்லாம் வைத்தார். தட்டு நின்ற இடத்திலேயே நின்றது. வைக்க இனி ஒன்றுமில்லை என்ற நிலையில், மனைவியோடும் மகனோடும் தராசை வலம்வந்து, திருநீற்றில் வைத்த அன்பிலே நாம் தவறாதவராயின் இத்தட்டு நேர்நிற்பதாக என்று சொல்லி மூவரும் ஏறினர். தராசு நேராயிற்று.

இக்கதையைச் சிறுவயதிலே எமது ஊர்க் கோயிற் புராணபடனத்தில் கேட்டிருக்கிறோம். அது எம்மைப் பற்றிய கதை என்று விளங்கியது போன வருடக் கடைசியில், ஒரு புடைவைக் கடையில் வைத்துத்தான். எமது சொந்தத் தவறு என்பதால் மறைக்காமல் எழுதுகிறோம்.

எமது தமையனாரின் மகனுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீடு என்ற முறையில் கூறையும் தாலிக்கொடியும் எங்கள் பொறுப்பு. கணக்காளர் என்பதால் வரவு செலவுப் புத்தகத்தை எம்மிடம் தந்தார்கள். தமையனார் இரவு வேலை செய்து சேர்த்த காசு. கூறைக்கு 500 பவுண்ஸ் என்று அண்ணி எழுதி வைத்திருந்தார். கடைக்கு மணமகளையும் கூட்டிக்கொண்டு போனோம். அந்தப் பிள்ளை அரக்குச் சிவப்பிலே அளவான சரிகைக் கரை போட்ட ஒன்றை எடுத்து, "இது வடிவா இருக்கு மாமி, இது போதும்" என்றது. நாமோ கடைக்காரரிடம் மேல்தட்டில் இருந்ததை இறக்கச் சொன்னோம். பட்டிழையிலே வெள்ளி சுற்றிப் பொன் முலாம் பூசிய அசல் சரிகை. விலை 1,400 பவுண்ஸ். "விலையைப் பாக்காதேங்கோ பிள்ளை, மிச்சத்தை நாங்கள் போடுறம்" என்று கடன் அட்டையையும் வெளியே எடுத்துவிட்டோம். பிள்ளையின் முகம் சுருங்கியது. அண்ணி எம்மைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்:

"தம்பி, ஆரின்ரை கணக்கைத் தீர்க்கப் பாக்கிறியள்?"

அந்தக் கேள்வியின் பொருள் எமக்கும் அவருக்கும் மட்டுமே தெரியும். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டது. யாழ்ப்பாணத்தில் இளைஞர்கள் காணாமற்போன காலம். பல்கலைக்கழகப் படிப்பை முடித்துவிட்டு வெளியே நடமாடப் பயந்திருந்த எம்மை 2007இல் வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு, அண்ணி தம் கழுத்திலிருந்த 9 பவுண், அதாவது 72 கிராம் தாலிக்கொடியைக் கஸ்தூரியார் வீதியிலே விற்றார். மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நாம் இங்கு வந்து சேர்ந்தோம், அகதி அந்தஸ்துப் பெற்றோம், பரீட்சைகள் எழுதினோம், அலுவலகம் திறந்தோம். சில வருடங்களின் பின் தமையனார் குடும்பமும் வேறு வழியாக இங்கு வந்து சேர்ந்தது. ஊரார் எல்லோருடைய ஐந்தொகையையும் சரிபார்க்கும் எம்மிடம், எந்தப் பேரேட்டிலும் ஏறாத அந்த ஒரு கடன் இருந்தது. அதை அன்று பட்டினால் நிறுத்துவிடப் பார்த்தோம்.

பிள்ளை எடுத்த சேலையையே வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். அண்ணி பெட்டியைத் திறந்து தமது பழைய கூறையை எடுத்து வைத்தார். 1993இல் அவர் உடுத்தது. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் மழையிலே தென்மராட்சி நோக்கி நடந்தபோது, பிறப்புச் சான்றிதழ்களோடு ஒரே பையில் அதுவும் வந்தது. ஓரத்தில் அந்த மழையின் கறை இன்னும் இருக்கிறது. சரிகை கறுத்துவிட்டது. பட்டு மடிப்பு வழியே விட்டுப்போயிருந்தது. "கொடியை வித்தம். காப்பு, சங்கிலி எல்லாம் போச்சுது. இதை மட்டும் ஒருத்தரும் வாங்க மாட்டினம், அதாலை மிஞ்சினது" என்று சிரித்தார். பிறகு சொன்னார்:

"நான் குடுக்கேக்கை கடன் எண்டு குடுக்கேல்லை, தம்பி. கடன் எண்டு எழுதி வைச்சது நீங்கள்தான். எழுதி வைச்சதாலைதான் இந்தப் படி ஏற உங்களுக்குக் கூச்சம். எத்தினை பொங்கலுக்கு வந்தனியள், சொல்லுங்கோ? எனக்குச் செய்யிறதெண்டால் ஒண்டு செய்யுங்கோ. பொன்னுருக்கிலை இருந்து கடைசிப் பந்தி மட்டும் குடும்பமா வந்து நிண்டு செய்யுங்கோ."

அமர்நீதி நாயனாரின் தராசு அப்போதுதான் எமக்கு விளங்கிற்று. பட்டையும் பொன்னையும் அடுக்கிக்கொண்டே போனவர் கஞ்சத்தனம் செய்யவில்லை, உள்ளதெல்லாம் வைத்தார். ஆனால் அதுவரை அவர் தராசுக்கு வெளியே நின்றார். நாமும் அப்படித்தான் நின்றோம். காசு அனுப்பினோம், பரிசு அனுப்பினோம், விலை கூடியதாகப் பார்த்து அனுப்பினோம். ஆனால் போய் நிற்கவில்லை.

நிற்பது இலேசாகவும் இருக்கவில்லை. இந்நாட்டில் தனிநபர் வரிக்கணக்குகளை ஒப்படைக்கும் கடைசி நாள் ஜனவரி 31. கணக்காளர் ஒருவருக்கு அந்த மாதத்திலே ஓரிரவு நித்திரையே பெரிது. பொன்னுருக்கலும் திருமணமும் அம்மாதக் கடைசி வாரத்திலேயே வந்தன. சில வாடிக்கையாளரை நத்தாருக்கு முன்பே முடித்தோம், சிலரை வேறிடம் அனுப்பினோம். அதில் வருமானம் குறைந்தது உண்மை. பத்தர் பொன்னை உருக்கும்போது மனைவியோடும் மகனோடும் பக்கத்தில் நின்றோம். பலகாரம் சுடும் இரவில் மாக் குழைத்தோம்.

திருமணத்தன்று தட்டம் ஆயத்தமானபோது மணமகளே ஒன்று கேட்டது: "மாமியின்ரை கூறையைக் கீழை வைச்சு, அதுக்கு மேலை புதுசை வைப்பமா?" குருக்களிடம் கேட்டோம். "தாயின் ஆசி அடியில் இருக்கட்டும்" என்றார். அப்படியே வைத்தோம். தட்டத்தைச் சபையிலே சுமந்து செல்லும் பணியை எமக்கும் எமது மனைவிக்கும் தந்தார்கள். புதிய பட்டைத் தொட்ட கைகளில் சில, கீழே தெரிந்த பழைய கரையையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டன. கடைசிப் பந்தியில் அண்ணிக்கு நாமே பரிமாறினோம். கணக்குத் தீர்ந்தது என்று இதனால் சொல்லமாட்டோம். அந்தப் பக்கத்தை இனிப் புரட்டிப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

அன்பர்களே, வரும் முகூர்த்தங்களுக்கு ஆயத்தமாகும் குடும்பங்களிடம் மூன்று விடயங்களை வேண்டிக்கொள்கிறோம். கடைக்குப் போகுமுன் முடிந்த தொகையை எழுதி, சுவாமி படத்தின் முன் வைத்து, அதற்குள் நில்லுங்கள். சபையின் ஆசி கூறையின் விலையைப் பார்த்து வருவதில்லை. உங்களை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் யாரென்று எண்ணிப் பார்த்து, அழைப்பிதழைத் தபாலில் அனுப்பாமல் நேரே போய்க் கொடுங்கள். மணமக்களை ஒரு மாலை பக்கத்தில் இருத்தி அமர்நீதி நாயனார் புராணத்தைச் சொல்லிக் கொடுங்கள். தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளையென்றால், தெரிந்த மொழியிலேயே சொல்லுங்கள். தராசு எல்லோருக்கும் விளங்கும்.

நெய்தவரையும், வெளுத்தவரையும், தானே தராசில் ஏறியவரையும் ஆட்கொண்ட எம்பெருமான், எமது பிள்ளைகளின் மணவறைகளிலும் எழுந்தருளி அருள்புரிவாராக.

திருச்சிற்றம்பலம்.