கதவை மூடிவிட்டா தகுதி பேசுவது?

வெற்றி பெற்றவன் யார்? போட்டியிட்டோரில் முதல்வன் என்பது விடை. போட்டியிட வல்ல ஒருவன் கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தால்? அப்போதும் அந்த முதல்வன் முதல்வன்தானா? விளையாட்டைப் பற்றிய கேள்வி போலத் தோன்றும் இது, உண்மையில் நீதியைப் பற்றிய கேள்வி என்றே கருதுகிறோம்.

அமெரிக்காவில் 'பூல்' என்றோர் ஆட்டம் உண்டு. துணி போர்த்திய மேசை, ஆறு குழிகள், பதினைந்து பந்துகள். வெள்ளைப் பந்தைக் கோலால் இடித்து, மற்றவற்றைக் குழியில் வீழ்த்த வேண்டும். அதன் பழம்பெரும் வகையில், எந்தப் பந்து எந்தக் குழியில் விழும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் அடிக்க வேண்டும். பந்துக்கு ஒரு புள்ளி. பட்டப் போட்டிகளில் பெரும்பாலும் 150 புள்ளி இலக்கு. தற்செயலுக்கு அங்கே இடம் குறைவு. தயவுக்கு இடமே இல்லை. கோல் பிடித்த கையின் நிறத்தைப் பந்து கேட்பதில்லை, குழியும் கேட்பதில்லை.

கேட்டவர்கள் மனிதர்கள்!

ஜேம்ஸ் சிசெரோ மர்ஃபி 1935இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்த கறுப்பினத்தவர். இருபதை எட்டுமுன்னரே நியூயார்க் நகரப் பட்டத்தை வென்றார். பின்னர் கிழக்கு மாநிலங்களின் வாகையைச் சூடினார். அடுத்த படி உலகப் பட்டம். அங்கே கதவு மூடியிருந்தது. கறுப்பர் என்பதால் அவர் சேர்க்கப்படவில்லை. பூல் ஆட்டத்தில் மட்டுமன்று இக்கொடுமை. அமெரிக்கத் தொழில்முறைக் கோல்ஃப் சங்கம், வெள்ளையரே உறுப்பினராகலாம் என்ற விதியை 1934 முதல் 1961 வரை ஏட்டிலேயே எழுதி வைத்திருந்தது.

1964இல் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் குடிசார் உரிமைகள் சட்டம் அமெரிக்காவில் நிறைவேறியது. மறு ஆண்டு, 1965இல், கலிபோர்னியாவின் பர்பாங்க் நகரில் நடந்த உலகப் பட்டப் போட்டியில் மர்ஃபிக்கு இடம் கிடைத்தது. முதன்முறையாக நுழைந்தார், முதல்வராகவே வெளிவந்தார்! பூல் ஆட்டத்தில் உலகப் பட்டம் வென்ற முதல் கறுப்பின அமெரிக்கர் அவரே.

"பார்த்தீர்களா, திறமை இருந்தால் எப்படியும் வெளிப்பட்டே தீரும்!" என்பர் சிலர். நாம் கேட்கிறோம்: 1965இல் வென்ற கை அதற்கு முன் எங்கே போயிருந்தது? ஓரிரவில் முளைத்ததா அத்திறமை? மர்ஃபியின் கோல் மாறவில்லை. கதவு திறந்தது, அவ்வளவே. திறந்தபின் நுழைந்த ஒருவரைக் காட்டி, மூடியிருந்த காலத்தில் மூத்துத் தளர்ந்து மறைந்தோரை மறைப்பது வாதமன்று, வஞ்சகம். அவர்களுள் எத்தனை பேர் வென்றிருப்பார்கள்? கணக்கில்லை. கணக்கெடுக்கவே விடாததுதான் குற்றம்.

மர்ஃபிக்கு முன் வென்ற வெள்ளையர் திறமையற்றவர் என்று நாம் சொல்லவில்லை. அவர்களும் அரும்பாடுபட்டே ஆடினர். ஆயினும், 'உலகில் முதல்வர்' என்று கூற அவர்களிடம் சான்றில்லை. 'உள்ளே விடப்பட்டோரில் முதல்வர்' என்பதே மெய். கதவடைப்பு, வெளியே நின்றவனின் வாய்ப்பைப் பறித்தது; உள்ளே நின்றவனின் வெற்றியிலும் ஐயத்தைக் கலந்தது. அநீதி, தான் காக்க முனைந்தவனையே களங்கப்படுத்துகிறது.

1995இல் அமெரிக்க பில்லியர்ட்ஸ் பேரவையின் புகழ் மண்டபத்தில் மர்ஃபியின் பெயர் இடம்பெற்றது. 1996இல் அவர் மறைந்தார். பெயருக்கு மாலை சூட்டுவது எளிது. இழந்த ஆண்டுகளை எந்த மண்டபம் திருப்பித் தரும்?

தோழர்களே! 'தகுதி, திறமை' என்று எவர் எங்கே முழங்கினாலும், உடனே மேசையைப் பார்க்காதீர்கள். முதலில் வாயிலைப் பாருங்கள். அளக்கப்பட்டவர் எவர் என்பதற்கு முன், அளவுகோலின் அருகிலேயே விடப்படாதவர் எவர் என்று கேளுங்கள். கதவு எல்லோருக்கும் திறந்திருக்கும் இடத்தில்தான் தகுதி என்ற சொல்லுக்குப் பொருளே பிறக்கிறது.