யாரை நம்பிப் பிள்ளையை அனுப்புவது?

மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு சேரியில் மாலைப்பள்ளி நடத்துகிறோம். பாடம், பறை, கபடி. சொல்லித்தர வருகிறவர்கள் போலீஸ் சரிபார்ப்புச் சான்று வாங்கி வரணும் என்று பேச்சு வந்தபோது, கபடி சொல்லித்தரும் அண்ணன் எழுந்தார். "எம்மேல கேசு இருக்குதே தம்பி. பஞ்சமி நிலத்துக்காக ரோட்டுல உக்காந்த கேசு. அப்ப நான் ஆகாதவனா?"

லேசான கேள்வியில்லை. காரணைப் பஞ்சமி நிலத்தைக் கேட்டு 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் திரண்ட நம் மக்களைப் போலீஸ் சுட்டது. ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரை விட்டார்கள். அந்தப் போலீசிடமே போய், நான் நல்லவன் என்று எழுதி வாங்கி வா என்றால் வயிறு எரியாதா? 1871இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த குற்றப்பரம்பரைச் சட்டம் பிறப்பையே குற்றமாக எழுதிவைத்தது. 1952இல் சட்டம் போனது, ஸ்டேஷனின் புத்தி போகவில்லை.

இந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு சோதனையே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? பிள்ளைகளைக் கெடுக்க வருகிறவன் கருணை முகத்தோடுதான் வருவான். கோவாவில் அனாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய ஃப்ரெடி பீட்ஸ் 1991இல் பிடிபட்டான். 1996இல் ஆயுள் தண்டனை. நம்ம மாமல்லபுரத்திலேயே குழந்தைகள் இல்லம் நடத்திய நெதர்லாந்துக்காரர் ஒருவர் 2002இல் கைதானார். போக்சோ விதிகள் 2020இல் வந்தபோது, பள்ளி தொடங்கி விளையாட்டுப் பயிற்சிக்கூடம் வரை ஊழியர்களின் பின்னணியை அவ்வப்போது சரிபார்க்கச் சொன்னது சும்மா இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சில வருஷங்களுக்கு முன் வேறொரு ஊரில், ஒரு சிறுமி வகுப்புக்கு வரமாட்டேன் என்றாள். காரணமும் சொன்னாள். அவள் சொன்ன ஆள் நம்மாளு, நன்றாகப் பேசுகிறவர். "இயக்கத்துக்குக் கெட்ட பேரு வந்துடும்" என்று அவள் அம்மாவைச் சமாதானப்படுத்தி அனுப்பினோம். அந்தப் பேச்சில் நானும் இருந்தேன். இன்றைக்கு அந்த ஆள் ஸ்டேஷனுக்குப் போனால் சுத்தமான காகிதத்தோடு வருவார். அந்தக் காகிதத்தைச் சுத்தமாக வைத்திருப்பது எங்கள் மௌனம்.

ஆகக் காகிதத்தில் கேசு இருப்பதும் இல்லாததும் ஆளைச் சொல்வதில்லை. யார் மேல் எழுதினார்கள், யாருக்காக எழுதாமல் விட்டார்கள் என்பதைத்தான் சொல்கிறது. அதனால் இப்படி முடிவு செய்தோம்: சான்று எல்லோரும் வாங்கணும். என்ன கேசு என்று பிள்ளைகளின் அம்மாக்கள் முன்னால் படிக்கணும். பெண், பிள்ளை மேல் கைவைத்த கேசென்றால் வாசற்படி மிதிக்கக் கூடாது. நிலத்துக்காகப் போன கேசென்றால் தடையில்லை. யாரானாலும் பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது. பிள்ளை வாய் திறந்தால் இயக்கத்தின் பேரைப் பார்க்காமல் 1098க்குச் சொல்லணும், அந்தப் போலீசிடமே போகவேண்டி வந்தாலும்.

அண்ணன் சான்று வாங்கி வந்தார். கேசு எழுதியிருந்தது. ஒரு அம்மா சொன்னார்: "இது நமக்காகப் போன கேசு. ஆனாலும் சட்டம் உனக்கும் ஒண்ணுதான்பா." அண்ணன் தலையாட்டினார்.

அந்தச் சிறுமி இப்போது பெரிய பெண். அவளிடம் இன்னும் நாங்கள் யாரும் போய்ப் பேசவில்லை. நான் போகணும்.