பிள்ளை வீட்டில்தான் இருக்கிறானா?



பாஸ்கா விழா முடிந்து யெருசலேமிலிருந்து திரும்பும் வழியில், பன்னிரண்டு வயதான யேசுவை மரியன்னையும் சூசையப்பரும் தவறவிட்ட நிகழ்ச்சியை லூக்கா தம் நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறார். உறவினரோடு வருவார் என்று எண்ணி ஒரு நாள் வழி நடந்துவிட்டார்கள். அக்கறையற்ற பெற்றோரா அவர்கள்? இல்லை. பிள்ளை நம்மவரோடுதான் இருக்கிறான் என்ற நம்பிக்கையே அவர்களைத் திரும்பிப் பாராமல் நடக்கச் செய்தது.

அதே நம்பிக்கை இன்று நம் லயங்களிலும் உண்டு. யட்டியாந்தோட்டையில் விடியுமுன் பால் வெட்டப் போகும் தந்தையும், பலாங்கொடையில் பெரட்டுக்கு விரையும் தாயும், பிள்ளை வீட்டில்தானே இருக்கிறான் என்று மனம் ஆறுகிறார்கள். ஆனால் அவன் கையில் போன் இருக்கிறது. 2020 மார்ச்சில் கொரோனா நோயினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, வாட்ஸ்அப்பில் வரும் பாடத்துக்காகக் கடன்பட்டு அதை வாங்கியவர்கள் உண்டு. பாடம் வகுப்பறைக்குத் திரும்பியது. போன் வீட்டில் தங்கிவிட்டது. நம் பக்கத்தில் பாயில் படுத்திருக்கும் பிள்ளை, அதன் வழியே ஒரு நாள் வழிக்கும் அப்பால் போய்விடக் கூடும்.

கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விடும்போது, பார்த்துக்கொள்பவர் யார் என்று தெரிந்துதானே விடுகிறோம்? போனுக்குள் வளர்ந்த பிள்ளையை யாரிடம் விடுகிறோம்?

கெடுக்க வருகிறவன் பயமுறுத்திக்கொண்டு வருவதில்லை. ஃப்ரீ ஃபயர் விளையாட்டில் கூட்டாளியாகவோ, டிக்டொக்கில் ரசிகனாகவோ வருவான். சொல்லும் பெயரும் வயதும் பொய்யாயிருக்கும். புகழுவான், ரீலோட் போட்டுக் கொடுப்பான். பிறகு தனியே பேச அழைத்து, ஒரு படம் கேட்பான். "அம்மாவிடம் சொல்லாதே" என்பான். படம் அவன் கைக்குப் போனதும் நட்பு மறைந்து மிரட்டல் தொடங்கும்.

அந்த வேளையில் பிள்ளை அவனைவிட அதிகமாக யாருக்கு அஞ்சுகிறது? நமக்குத்தான்! அடிப்பார்கள், போனைப் பறிப்பார்கள், லயம் முழுவதும் தெரிந்து மானம் போகும் என்ற அச்சமே அதன் வாயைக் கட்டுகிறது. அந்த மௌனத்தை நம்பியே அவன் தொழில் நடத்துகிறான்.

"எங்களுக்குப் படிப்பில்லை, சாமி, போனைப் பற்றிப் பிள்ளைக்குத்தான் தெரியும்" என்பீர்கள். போனை அறிவது வேறு, மனிதரை அறிவது வேறு. கொழுந்து நிறுக்கும்போது நிறுப்பவரையும் எடைபோடத் தெரிந்தவர்கள் நீங்கள். காரணமில்லாமல் பரிசு தருபவன் எப்படிப்பட்டவன் என்று உங்களுக்கா தெரியாது?

மரியன்னை செய்ததைப் பாருங்கள். திரும்பி நடந்தார், தேடினார். கண்டபோது ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டார். தாம் பட்ட வேதனையையும் மறைக்கவில்லை. மகனின் மறுமொழி விளங்காதபோதும் அதை உள்ளத்தில் வைத்துக்கொண்டார். நாமும் அப்படியே கேட்போம். போனை இஸ்தோப்பில் எல்லோரும் பார்க்க வைத்துப் பாவிக்கட்டும். இரவில் அது பெற்றோரிடம் இருக்கட்டும். பாடசாலைப் பெயர் தெரியும் பிள்ளையின் படத்தை நாமும் ஊரறியப் போடாதிருப்போம். கருவியைப் பகைக்க வேண்டியதில்லை. 2025 செப்டம்பர் 7ஆம் நாள் புனிதராக உயர்த்தப்பட்ட கார்லோ அக்குதிஸ், கணினியால் நற்கருணைப் புதுமைகளைப் பரப்பியவர். விளையாட்டுக்கோ வாரத்தில் ஒரு மணி நேரம் என்று தமக்கே எல்லை வகுத்துக்கொண்டவர்.

தீங்கு நேர்ந்துவிட்டால்? பணம் கொடுக்காதீர்கள், வேறு படம் அனுப்ப விடாதீர்கள், வந்த செய்திகளை அழிக்காதீர்கள், அவையே சாட்சி. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையை 1929 என்ற இலக்கத்தில், இரவோ பகலோ, கட்டணமின்றி அழைக்கலாம். பொலிசிலும் முறையிடலாம். மானம் போகுமே என்று மூடி மறைத்தால், அவன் அடுத்த லயத்துப் பிள்ளையைத் தேடிப் போவான். சிறியோருக்கு இடறலாயிருப்பவனின் கழுத்தில்தான் ஆண்டவர் எந்திரக்கல்லைக் கட்டச் சொன்னார். சிறியோரின் கழுத்தில் அல்ல. நாமும் அதைப் பிள்ளைமேல் சுமத்தலாகாது.

இன்றிரவு செபமாலை முடிந்ததும் பிள்ளையை அருகே அழையுங்கள். "இன்றைக்குப் போனில் யாரோடு பேசினாய்?" என்று கேளுங்கள். "என்ன நடந்திருந்தாலும் எங்களிடம் சொல், நாங்கள் உன் பக்கம்" என்று சொல்லுங்கள். மறுமொழி வரும்வரை பொறுத்திருங்கள். இன்று வராவிட்டால் நாளையும் கேளுங்கள். மூன்றாம் நாளில்தான் மரியன்னையும் தம் மகனைக் கண்டடைந்தார்.