தேவதாருவும் வாதுமையும்

பிறரிடம் எதையும் வேண்டி நில்லாத வாழ்வே உயர்ந்தது என்று நம்மவர் கருதுகின்றனர். "இன்றுவரை எவன் வாசலையும் மிதித்தவனல்லன்" என்று ஒருவர் சொல்லக் கேட்டால் சபையே தலையசைக்கிறது. இந்தப் பெருமிதம் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும்? காஷ்மீரத்து மரங்கள் இரண்டை எடுத்துக்கொள்வோம்.

தேவதாரு ஊசியிலை மரம். அதற்குப் பூவில்லை, கனியில்லை, கூம்புகளே உண்டு. இலையுதிர் காலத்தில் ஆண் கூம்புகள் மஞ்சள் நிற மகரந்தத்தைக் காற்றில் தூவும். மறு ஆண்டில் பெண் கூம்பு கிளையிலேயே சிதைய, சிறகுள்ள விதைகள் பறந்துபோகும். தேனீயின் தயவு வேண்டியதில்லை. நெடிதோங்கி நிமிர்ந்த இம்மரமே ஸ்ரீநகர் ஜாமிஆ மஸ்ஜிதில் 370-க்கும் மேற்பட்ட தூண்களாக நிற்கிறது. சுல்தான் சிக்கந்தர் 1394-இல் தொடங்கிய அப்பள்ளி பலமுறை தீக்கிரையாயிற்று. மீண்டும் எழுப்பியோர் தேவதாருவையே நாடினர்.

வாதுமையோ, இலை தளிர்க்கும் முன்பே வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூத்துவிடும். நம் கண்ணுக்கு விருந்தளிக்க அன்று, இரப்பதற்காக. வாதுமையில் பெரும்பாலான வகைகள் தம் மகரந்தத்தால் தாமே காய்ப்பதில்லை. வேறு வகை வாதுமை அருகே நிற்கவேண்டும். இடையே தூது செல்லத் தேனீயும் வேண்டும். குளிருக்கும் மழைக்கும் அஞ்சித் தேனீ கூட்டிலேயே இருந்துவிட்டால் அவ்வாண்டு விளைச்சல் குன்றும்.

மேலெழுந்தவாரியாகப் பார்ப்பவர் தேவதாருவுக்கே முதலிடம் தருவர். நான் தயங்குகிறேன். காற்று கூலி கேட்பதில்லை, குறிபார்த்துச் சேர்ப்பதுமில்லை. ஆகவே அம்மரம் அளவின்றி மகரந்தத்தைக் கொட்டுகிறது, வீணாவதே மிகுதி. மேலும், அது தனித்து வாழ்வதாக நாம் எண்ணுவது மண்ணுக்கு மேலே மட்டும் பார்ப்பதனால். அதன் வேர்நுனிகளைப் பூஞ்சை இழைகள் போர்த்தியிருக்கின்றன. அவை நீரும் தாதுச் சத்தும் கொணர, மரம் தான் சமைத்த சர்க்கரையை அவற்றுக்கு ஈகிறது. கொடுக்கல் வாங்கல் அங்கும் உண்டு. கண்ணில் படுவதில்லை, அவ்வளவே.

'கனீ' என்னும் அரபுச் சொல்லுக்குத் தேவையற்றவன் என்பது பொருள். முழுப்பொருளில் அது படைத்தவன் ஒருவனுக்கே உரியது என்பதை மத்ரஸாவின் தொடக்க மாணவனும் அறிவான். ஆயினும் நம் தெருக்களில், அடுப்பெரியாத வீட்டின் கதவு மானத்தின் பெயரால் சாத்தியே கிடக்கிறது. அறியவிடாத வீட்டாரைக் குறை சொல்வதா, அறிய முயலாத அண்டையாரைக் குறை சொல்வதா? பின்னவரைத்தான் என்பேன்.

கேட்பதில் கூச்சம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. வாதுமைகூடத் தேனைக் கொடுத்துத்தான் கேட்கிறது. கொடுக்க ஏதுமற்றவன் எதைக் காட்டித் தேனீயை அழைப்பான்? எந்த மரமும் இதற்கு விடை தரவில்லை. நோன்புக் கஞ்சி வாளியுடன் அந்தச் சாத்திய கதவின் முன்னே போய் நிற்கும் சிறுவர்கள் சிலவேளை தந்துவிடுகின்றனர்.